பல்லக்காவின் கடற்கொள்ளையர்

பல் கட்டும் கூடத்தில் அவளுக்குப் பல்லக்கா என்று பேர். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பத்தொன்பது வருஷமாக, முகம் தெரியாத வாய்களுக்கெல்லாம் பல் செய்து கொடுத்தவள். முன்பல் என்றால் மருத்துவர்கள் “அந்தம்மா கையாலயே செய்யட்டும்” என்று சீட்டில் எழுதி அனுப்புவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லையென்று சொன்னால் பொய்.

போன வருஷம் பஸ் படியில் கால் இடறி விழுந்ததில் வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடிற்று, ஆனால் கை நடுங்க ஆரம்பித்தது. டீ கிளாஸைப் பிடித்தால் தெரியாது. மெல்லிய பிரஷ்ஷைப் பிடித்தால் ஊருக்கே தெரியும். கூடத்து முதலாளி நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷர்கள் செய்கிற அநியாயத்தைத்தான் யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது. “கொஞ்ச நாள் கௌண்டர்ல உக்காருங்கக்கா” என்றார். ஃபோன் எடுப்பது, பல் டப்பாவில் பேர் ஒட்டுவது, இவ்வளவுதான் வேலை. கொஞ்ச நாள் ஐந்து மாதமாயிற்று. பிறகு ஒருநாள் அவள் காதிலேயே விழுந்தது: அடுத்த மாதம் முதல் தேதி, அவளுடைய மேஜைக்குப் புது ஆள் பார்க்கப் போகிறார்களாம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அலமாரியைத் திறந்து, புருஷன் வாங்கிவைத்துப் பிரிக்காத பெட்டியை எடுத்தாள்.

புருஷன் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமையானால் மூன்று சிநேகிதர்களோடு மேஜையில் பகடை உருட்டி, பூதம், குள்ளர், மந்திரவாதி என்று பொம்மைப் படைகளை மோதவிடுவார். தவறாமல் தோற்றும் போவார். அவருக்கு ஒரு கடற்கொள்ளையர் கூட்டம் வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கடையில் கிடைத்ததோ கோட்டைக் காவலர்கள். கட்டைவிரல் உயரத்தில், பத்துப் பேர், சாயம் பூசாத சாம்பல் நிறத்தில்.

“இதுங்க காவல்காரங்கம்மா. கொள்ளைக்காரங்க இல்ல” என்றார் அவர்.

“வேலைய விட்டுத் தூக்கிட்டா காவல்காரனும் கொள்ளையடிக்கத்தான் போவான். அந்தக் கத்திய எடுங்க.”

“இப்ப எதுக்கு இதெல்லாம்?”

“என் மேஜையத் திரும்ப வாங்கறதுக்கு” என்றாள். அவர் கத்தியை எடுத்துக் கொடுத்தார்.

தினமும் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றரை மணி நேரம் வேலை. காவலர்களின் இரும்புத் தொப்பிகளை அறுத்தெறிந்து, மெழுகுத் தகட்டில் மூன்று மூலைத் தொப்பி மடித்து வைத்தாள். பல்லை இழுத்துக் கட்டும் கம்பியை வளைத்து ஒருவனுக்குக் கொக்கிக் கை. பல் குத்தும் குச்சியை நறுக்கி இன்னொருவனுக்கு மரக்கால். பிசின் களிமண்ணை ஊசியால் இழுத்துத் தாடி. சமையல்காரனுக்கு மீன் தலையே வைத்துவிட்டாள், அவன் எதைச் சமைப்பான் என்பது அவன் பாடு. வெட்டுவதும் ஒட்டுவதும் நடுங்குகிற கைக்கும் வந்தது. சட்டை, பூட்ஸ், துரு, அழுக்கு எல்லாம் வந்தது.

வராதது கண். கடுகில் பாதிகூட இல்லாத இடத்தில் வெள்ளை வைத்து, அதன் நடுவில் கறுப்புப் புள்ளி. முதல் கொள்ளையனுக்குப் புள்ளி மூக்குக்கு ஓடியது. அதனாலென்ன, கொள்ளையன்தானே என்று அந்தக் கண்மேல் கறுப்புப் பட்டை தீட்டிவிட்டாள். இரண்டாமவனுக்கும் அதே கதி, அதே வைத்தியம்.

ஒன்பது பேர் முடிந்தபோது புருஷன் பல் துலக்கிக்கொண்டே வந்து குனிந்து பார்த்தார். வாயில் நுரையோடு ஒவ்வொருத்தனாக எண்ணினார்.

“ஏம்மா, ஒன்பதுல ஏழு பேருக்கு ஒத்தக் கண்ணா? இது கப்பலா, கண்ணாஸ்பத்திரியா?”

அவர் சிரித்தார். அவளுக்குச் சுருக்கென்றது. அன்று முழுக்க அவரிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. கோபம் அவர்மேல் இல்லை. இத்தனை நாளும் கையைச் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு அதன் குற்றத்தை மூடி மூடி வைத்திருக்கிறோமே என்று தன்மேலேயே வந்த கோபம். வெட்கமாகக்கூட இருந்தது. வாடிக்கையாளர் வாயில் பல் கோணினால் அதன்மேல் பட்டை கட்டி அனுப்ப முடியுமா?

மறுநாள் காலை ஏழு பேரையும் தரை துடைக்கும் மருந்தில் ஊறப்போட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி சாம்பலாக்கினாள். இருபது நாள் உழைப்பு சிங்க்கில் ஓடியது. புருஷன் பதறிப்போனார்.

“அய்யய்யோ, நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்மா!”

“நீங்க விளையாட்டுக்குத்தான் சொன்னீங்க. சரியாச் சொன்னீங்க.”

முதல் தேதிக்கு எட்டு நாள்தான் பாக்கி. கூடத்தில் ஒரு வாரம் லீவு சொன்னாள். இப்போது முறையை மாற்றினாள். முதலில் கண் குழியில் கறுப்பாக ஒரு கோடு, பிறகு கோட்டின் இரு பக்கமும் வெள்ளையில் ஒரு தொடல். நடுவில் மிஞ்சுகிற கறுப்புதான் விழி. வெள்ளை வழிந்தால் தோல் நிறத்தால் கீழிருந்து வெட்டிக்கொள்ளலாம். இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்து உட்கார்ந்தபோதுதான் இன்னொன்றையும் கண்டுகொண்டாள். கை ஓயாமல் நடுங்கவில்லை. நடுங்கும், ஒரு மூச்சு நேரம் அடங்கும், மறுபடி நடுங்கும். இத்தனை மாதமும் அதை அடக்கப் பார்த்தாளே தவிர, அடங்கும் நேரத்துக்காகக் காத்திருந்ததே இல்லை. காத்திருந்தாள். தொட்டாள். எடுத்தாள். ஒரு கண்ணுக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. ஆகட்டுமே என்றாள். மூன்றாம் நாள் அதுவே ஐந்து நிமிஷமாகக் குறைந்தது.

கடைசியாகப் பத்தாவது பொம்மை, கொள்ளையர் கூட்டத்தின் தலைவி. வாயை அகலத் திறந்து சிரிக்கிறவள். இரண்டு கண், மேல்வரிசையில் எட்டுப் பல். எட்டையும் தனித்தனியாக, ஈறுப் பக்கம் லேசான மஞ்சளும் நுனியில் லேசான நீலமுமாக, நிஜப் பல்லுக்குச் சாயம் ஏற்றுவது போலவே ஏற்றினாள்.

முதல் தேதி காலை. கண்ணாடி போட்ட ஒருவர் ஃபைலோடு வந்து கௌண்டரில் நின்று, “பல் கட்டற வேலைக்கு வரச் சொன்னாங்க” என்றார். அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்ததும் பல்லக்காதான். பிறகு கைக்குட்டையில் பொதிந்திருந்ததை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குள் போனாள். தலைவியை அவர் மேஜையில் நிறுத்தி, பூதக்கண்ணாடி விளக்கை இழுத்துவிட்டாள்.

முதலாளி கண்ணைப் பார்க்கவில்லை. பல் வியாபாரி பல்லைத்தானே பார்ப்பான்? வெகுநேரம் பார்த்தார்.

“நுனியில நீலங்கூட இருக்கே! யாரு பண்ணது?”

“நான்தான் சார். இந்த வாரம்.”

அவர் அவள் கையைப் பார்த்தார். அது மேஜை விளிம்பில் ஆடிக்கொண்டிருந்தது.

“கை இன்னும் நடுங்குதேக்கா.”

“நடுங்குது சார். இதோட சேர்ந்தே வேலை செய்யக் கத்துக்கிட்டேன். நம்பிக்கை இல்லன்னா, இருக்கறதுலயே கஷ்டமான முன்பல்ல இப்பவே குடுங்க. உங்க முன்னாலயே பண்றேன்.”

அவர் எழுந்து உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்தார். இன்னும் சாயம் ஏற்றாத ஒரே ஒரு முன்பல். கீழே மருத்துவர் எழுதிய நிறக் குறிப்பு நாலு வரி. அவள் தன் பழைய மேஜையில் உட்கார்ந்து மணிக்கட்டுகளை முட்டுக்கொடுத்தாள். காத்திருந்தாள். தொட்டாள். எடுத்தாள். சூளைக்குப் போய் வந்த பல்லை முதலாளி வாங்கி, மாதிரிப் பல் வரிசையோடு ஒட்டிப் பிடித்து, ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார், விளக்கடியில் பார்த்தார், மறுபடி ஜன்னலுக்குப் போனார்.

பிறகு வெளியே வந்து, ஃபைலோடு உட்கார்ந்திருந்தவரிடம் சொன்னார்:

“ரொம்ப நேரம் காக்க வச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க. பல் கட்டற இடம் காலி இல்ல. கௌண்டர்தான் காலியாயிருக்கு, பாக்கறீங்களா?”