சூறைக்காற்றும் வால் இல்லாத சேவலும்

அந்தக் கோடை முழுக்க நான் வானத்தைப் பார்த்தபடிதான் நடந்தேன். கல் தடுக்கியது, சாணியை மிதித்தேன், ஒருமுறை டீக்கடை பெஞ்சில் மோதி முட்டியில் வீக்கம் வந்தது. எதற்கும் அசரவில்லை. என் போன் முழுக்கக் காற்றுக் கதைகள். எங்கோ ஒரு தேசத்தில் சூறைக்காற்று குளத்து மீனை அள்ளிக்கொண்டுபோய் ஊர்மேல் கொட்டியதாம். இன்னொரு இடத்தில் பசுவைத் தூக்கி அடுத்த வயலில் நோகாமல் நிறுத்தியதாம். யார் வீட்டுக் கல்யாண போட்டோவோ முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் போய் விழுந்ததாம். கோழியின் இறகை மட்டும் பறித்துவிட்டு உயிரை விட்டுவைத்த காற்றும் உண்டாம். இந்தக் கடைசிக் கதைமேல் எனக்குத் தனிப் பிரியம். மொட்டைக் கோழியை வைத்துக் காற்றின் வேகத்தைக் கணக்குப் போடலாமா என்று ஒரு காலத்தில் படித்தவர்களே மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள் என்றால் பாருங்கள்.

இதையெல்லாம் டீக்கடையில் சொன்னால் ஒரே சிரிப்பு.

"நம்மூர்க் காத்து என்னத்தத் தம்பி தூக்கும்? கொடியில கெடக்குற கைலியத் தூக்கும்" என்பார் டீ ஆற்றும் அண்ணன். "அதுவும் கிளிப்பு போடாத கைலிய."

பிசிக்ஸ் படித்து முடித்து, அடுத்தது என்ன என்று தெரியாமல் வீட்டில் இருந்த நேரம் அது. "எம்மகனுக்கா? மேகம் மேய்க்குற சோலி" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான். எங்கள் ஊர்க் காற்றும் ஒரு தடவையாவது எதையாவது தூக்கவேண்டும். கைலியைவிடப் பெரிதாக.

எங்கள் வீடு குரங்கணி ரோட்டில், மாந்தோப்புகள் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு இலவம் பஞ்சுக் களம். கோடையில் காயை உடைத்துப் பஞ்சைக் காயப்போடுவார்கள். மேலே வலையை விரித்துக் கட்டியும் பாதிப் பஞ்சு எங்கள் சோற்றில்தான் விழும். அந்தப் பஞ்சைக் கிளறிக் கொட்டை பொறுக்குவதுதான் எங்கள் வீட்டுச் சேவலுக்கு முழுநேர உத்தியோகம்.

சேவல் என் தங்கையுடையது. தாய்க்கோழியைக் கீரி கொண்டுபோன பிறகு, குஞ்சாக இருந்ததை அட்டைப் பெட்டியில் பல்பு போட்டு வளர்த்தாள். பிளஸ் டூ படிக்கும்போது காலையில் பஸ் நிறுத்தம் வரைக்கும் அவள் பின்னாலேயே போகும். பஸ் கிளம்பியதும் கண்டக்டரைவிட அதிகாரமாக ஒரு கூவு கூவிவிட்டுத் திரும்பும். காலில் அவள் மாட்டிய சிவப்பு ரப்பர் பேண்டு. கருப்பும் பச்சையுமாக மின்னுகிற வால்.

ஒருநாள் மத்தியானம் பஞ்சுக் களத்துக்காரர் வந்து சத்தம் போட்டதால், அம்மா சேவலைப் பிடித்து வாசலில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடினாள். கோழி அடைக்க மூங்கிலில் முடைந்த பெரிய கூடை அது. மேலே ஒரு கல்லையும் வைத்தாள். கையில் கிடைத்த கல், அவ்வளவுதான்.

மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. நான் போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். முதலில் சும்மா புழுதிதான். பிறகு தோப்புக்கு அந்தப்புறம் காற்று சுழன்று எழுந்தது. செம்மண் நிறத்தில் ஒரு தூண். ஆடி ஆடி வந்து பஞ்சுக் களத்துக்குள் நுழைந்தது. வலை கிழிகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான், தூண் அடியிலிருந்து வெள்ளையாகிக்கொண்டே மேலே போனது. களத்துப் பஞ்சு மொத்தமும் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. என் வாய் திறந்தே இருந்தது. பஞ்சு உள்ளே போனது. இருமிக்கொண்டே படம் எடுத்தேன். பக்கத்து வீட்டுத் தகரம் பறந்தது, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பறந்தது, எங்கள் வாசலில் இருந்து பஞ்சாரம் விசுக்கென்று எழும்பியது. பிறகு கண்ணைத் திறக்கமுடியவில்லை.

திறந்தபோது வாசலில் கல் இருந்தது. பஞ்சாரம் இல்லை. சேவலும் இல்லை.

தங்கை மழையிலேயே தோப்புத் தோப்பாகத் தேடினாள். நானும் தேடினேன். அவள் அழுதுகொண்டு தேடினாள், நான் உள்ளுக்குள் குதித்துக்கொண்டு தேடினேன் என்பதுதான் வித்தியாசம். அதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். "பல்லக் காட்டாத அண்ணே" என்றாள்.

மறுநாள் காலையில், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு டிரைவர் வீட்டு முன்னால் பிரேக் போட்டார். மலைக்கு அந்தப்பக்கம் போய்ப்போய் மலையாளம் ஒட்டிக்கொண்ட மனிதர்.

"தங்கச்சி, காலுல சிவப்பு ரப்பரு போட்ட சேவலு உங்களுதுதான? அடிவாரத்துச் சாமி கோயில்ல, குதிரை மேல உக்காந்திருக்கு. வாலு ஒத்தையும் இல்ல. ஆனா உக்காந்திருக்குற கம்பீரம் இருக்கே, கொள்ளாம்!"

அந்தக் கோயில் எங்கள் வீட்டிலிருந்து நல்ல தூரம். நடுவில் தோப்பு, ஓடை, மேடு. மண்குதிரையோ இரண்டு ஆள் உயரம். அதன்மேல் சேவல்! அதுவும் வால் பறிபோன சேவல்! எனக்கு உடம்பு முழுக்கப் புல்லரித்தது. தங்கை பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். நான் டீக்கடைக்கு ஓடினேன்.

"கைலியத் தூக்குமா? இப்ப சொல்லுங்கண்ணே, கைலியத் தூக்குமா?" என்று ஆரம்பித்தேன். சுழல் எப்படி எழுந்தது, பஞ்சு எப்படி வெள்ளைத் தூணாக நின்றது, அதற்குள் சேவல் எப்படிச் செட்டையை விரித்துக்கொண்டு போனது, எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

"நீ பாத்தியா?"

"கண்ணால பாத்தேன்!"

கடையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று அப்போதே யோசித்திருக்கவேண்டும். ஒரு பெரியவர் அடிவாரத்துப் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் தங்கை வெறுங்கையோடு வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"தரமாட்டேங்குறாங்க."

"ஏன்? நம்ம சேவல்தான?"

"காத்து கொண்டாந்து சாமி குதிரை மேல வச்சிருச்சாம். அப்ப அது சாமி கேட்டு வாங்கினதாம். எல்லைக்குள்ள ஆள் கைபடாம வந்தத வெளிய எடுக்கக் கூடாதாம். வெள்ளிக்கிழமை பொங்கல் வைக்கும்போது வெட்டப்போறாங்க." மூச்சு வாங்கினாள். "காலையில வரைக்கும் யாரு வீட்டுச் சேவலோ வழிதவறி வந்திருக்குன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாங்க. டீக்கடையில இருந்து ஒருத்தரு வந்து சொன்ன பிறகுதான் கயித்தக் கொண்டாந்து கட்டுனாங்க. கண்ணால பாத்த ஆளு இருக்காமே அண்ணே. படிச்ச பையனாமே."

நான் எதையோ தேடுவதுபோல் சட்டைப்பையைத் தடவினேன்.

அம்மா, "சாமி காரியத்துல வாயக் கொடுக்காதீக. வேற குஞ்சு வாங்கிக்கலாம்" என்றாள். தங்கை அவளைப் பார்த்த பார்வையில் அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பிறகு தங்கை என்னிடம் வந்து உட்கார்ந்தாள். அவள் யோசித்து முடித்திருந்தாள்.

"வாலு இல்லைல்ல. நாய் கவ்வுச்சுன்னு சொல்லிருவோம். நாய் வாய் வச்சது எச்சிலு. சாமிக்கு ஆகாது. நாய் துரத்தித்தான் அது குதிரை மேல ஏறுச்சு."

"ஆனா வாலப் பறிச்சது காத்து. சுழல்ல சிக்குனா இறகு எப்படிப் பிடுங்குதுன்னா..."

"அண்ணே." அவள் சத்தம் போடவில்லை. "உனக்குக் கதை வேணுமா, எனக்குச் சேவல் வேணுமா?"

வியாழக்கிழமை வரைக்கும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எடுத்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பழுப்பு, வெள்ளை, ஒரு நாற்காலிக் கால், பஞ்சாரத்தின் விளிம்பு கொஞ்சம், பிறகு என் விரல். சேவல் எங்கேயும் இல்லை. கல் சரிந்ததும் அடிவழியாக வெளியே வந்து ஓடியிருக்கலாம். பயத்தில் தோப்பு தாண்டி ஓடியிருக்கலாம். ஓடைக்கரையில் நாய்க்கூட்டம் உண்டு, அதுவும் இருக்கலாம். அவ்வளவு எடையைக் காற்று அவ்வளவு தூரம் கொண்டுபோகுமா என்று ஒரு தாளில் கணக்குப் போட்டேன். போகாது என்றது கணக்கு. தாளைக் கசக்கிவிட்டு மறுபடி போட்டேன். பைக்கை எடுத்துக்கொண்டு கோயில் வரைக்கும் போவதும், எல்லைக்கல்லைத் தாண்டாமல் திரும்புவதுமாக இருந்தேன். உள்ளே சேவல் கூவுவது ரோட்டுக்குக் கேட்டது.

வியாழன் சாயங்காலம் இரண்டு பேரும் போனோம். புளியமரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் பொங்கல் வேலையாக இருந்தார்கள். குதிரைக்காலில் சேவலைக் கட்டியிருந்தார்கள். வாலிருந்த இடத்தில் சொரசொரவென்று தோல். தங்கையைப் பார்த்ததும் கயிற்றை இழுத்துக்கொண்டு கொக்கரித்தது.

பூசாரி எங்களுக்கு மாமா முறை. கையில் திருநீற்றுத் தட்டோடு வந்தார். தங்கை நாய்க் கதையைச் சொன்னாள். குரல் நடுங்காமல் சொன்னாள். கடித்ததைப் பார்த்தாயா என்று கேட்டதற்கு, வேறு எது பிடுங்கும் என்று திருப்பிக் கேட்டாள்.

பூசாரி மாமா என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, காத்து தூக்குனதக் கண்ணால பாத்தேன்னு நீ ஊரு பூராம் சொல்லியிருக்க. உன் தங்கச்சி நாயிங்குறா. ரெண்டும் நெசமா இருக்க முடியாதுல்ல? சூடத்த அணைச்சுச் சொல்லு."

தட்டில் சூடத்தை ஏற்றினார். எனக்குச் சாமிமேல் பெரிய பயமெல்லாம் கிடையாது என்று நினைத்திருந்தேன். ஆனாலும் எரிகிற சூடத்துக்கு முன்னால் நின்றபோது, நாய் என்ற வார்த்தை தொண்டையைத் தாண்டவில்லை. காற்று என்ற வார்த்தையும் தாண்டவில்லை. தங்கை என் முகத்தைப் பார்க்காமல் சேவலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளங்கையால் சூடத்தை அமுக்கினேன். சுட்டது.

"பஞ்சாரம் மேல எழும்புனதப் பாத்தேன் மாமா. சேவல் பறந்ததப் பாக்கல. பஞ்சாரத்துக்குள்ள இருந்துச்சா, அதுக்கு முன்னாடியே ஓடிருச்சா, தெரியாது. வாலப் பறிச்சது காத்தா நாயான்னும் தெரியாது."

"அப்ப டீக்கடையில பறந்தது என்னடா, உன் வாயா?" என்றார் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒருத்தர். எல்லோரும் சிரித்தார்கள். தினமும் நான் கேட்ட சிரிப்புதான். அன்று காது வரைக்கும் சூடேறியது.

பூசாரி மாமா குனிந்து சேவலின் பின்பக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து மலையைப் பார்த்தார்.

"சந்தேகப்பட்டத எப்படிச் சாமிக்கு வைக்கிறது? எச்சிலாப் போயிருந்தா? இந்த வருசம் மழை தப்புச்சுன்னா எல்லாரும் எம்மூஞ்சியத்தான் பாப்பீக." தங்கையிடம் திரும்பினார். "அவுத்துட்டுப் போ ஆத்தா, வெரசா. ஆனா ஒண்ணு. காத்துதான் கொண்டாந்துச்சுன்னு என்னைக்காவது ருசுவாச்சுன்னா, உன் கையாலயே திருப்பிக் கொண்டாந்து விடணும். சரியா?"

"சரி மாமா" என்று சொல்லும்போதே முடிச்சை அவிழ்த்துவிட்டாள்.

திரும்பும்போது பைக்கில் எனக்கும் அவளுக்கும் நடுவில் சேவல். என் முதுகைக் கொத்திக்கொண்டே வந்தது. "நாயின்னு சொல்லியிருந்தா என்னவாம்" என்று பாதி வழியில் திட்டினாள். கொஞ்ச தூரம் போனதும், "கை சுட்டுருச்சா" என்று கேட்டாள்.

டீக்கடையில் எனக்குப் புதுப்பெயர் வந்தது, எழுதத் தகுந்ததல்ல. சேவலுக்கு வால் முளைக்கத் தொடங்கியது. அம்மா புதுப் பஞ்சாரம் வாங்கி, மேலே பழைய அம்மிக்கல்லை வைத்தாள். நானும் வானத்தை விட்டுவிட்டுக் கீழே பார்த்து நடக்கப் பழகினேன்.

முழுதாகப் பழகவில்லை. பருவமழை தப்பாமல் பெய்து ஓய்ந்திருந்த நாளில், குரங்கணிக்குப் பைக்கில் போய்க்கொண்டிருந்தேன். கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரம். எந்த இடம் என்று எழுதக்கூடாது என்பது தங்கையின் நிபந்தனை. மேலே பார்த்தேன். ஒரு இலவ மரத்தின் உச்சிக் கவட்டையில் எங்கள் பஞ்சாரம் மாட்டிக்கொண்டிருந்தது. எங்களுடையதேதான். பொத்துப்போன மூலையில் நான் கட்டிய நீல வயர் தெரிந்தது.

அந்த வயருக்குப் பக்கத்தில், மூங்கில் இடுக்கில், ஏதோ சிக்கியிருந்தது. கருப்பு. வெயில் பட்டபோது பச்சையாக மின்னியதுபோல் இருந்தது. வால் இறகாக இருக்கலாம். பாலித்தீன் கவர் துண்டாகவும் இருக்கலாம். போனை எடுத்துப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், கட்டம்கட்டமாகக் கலங்கியது. மரத்தடிக்குப் போனேன். தண்டில் முள். ஏணி இருந்தால் ஏறிவிடலாம். நீளமான துரட்டி இருந்தால் அதுகூட வேண்டாம். கை பரபரத்தது. ஒரே ஒரு இழுப்பு. கீழே விழுந்தால் தெரிந்துவிடும்.

பின்னால் ஜீப்பு வந்து நின்றது. "என்ன தம்பி, மேல என்னத்தப் பாக்குற?" என்றார் டிரைவர். கழுத்தை வெளியே நீட்டினார்.

"ஒண்ணுமில்லண்ணே. வண்டி சூடாயிருச்சு" என்று சொல்லிவிட்டு வேகமாக வந்து வண்டியைக் கிளப்பினேன்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் மட்டும் சொன்னேன். தவிட்டைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. "ஏறுனியா?" என்றாள். இல்லை என்றேன். "ஏறாத" என்றாள். மறுபடி பிசைந்தாள். முளைத்த வாலை ஆட்டிக்கொண்டு சேவல் அவள் கையிலேயே கொத்தியது.

இன்றைக்கும் மலைப்பக்கம் கருத்தால் நான் மாடிக்கு ஓடுகிறேன். போனை எடுப்பதில்லை. மரங்கள் ஆடுகிற திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அந்தப் பஞ்சாரம் கீழே விழாமல் இருக்கவேண்டும்.