நல்லவருதேன்

ஒரு சனிக்கிழமை மதியம் இந்த ஊர் நூலகத்தில் நான்கு பேர் என்னை உட்காரவைத்து, நீ நல்லவளா கெட்டவளா என்று ஒரு தாளில் எழுதச் சொன்னார்கள். பெயரைக்கூட அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாமாம். அயர்லாந்துக்கு வந்த ஆறு வருடத்தில் விசாவுக்கு, வாடகை வீட்டுக்கு, முதியோர் இல்லத்து வேலைக்கு என்று எத்தனையோ படிவம் நிரப்பியிருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

பயப்பட வேண்டாம், விளையாட்டுதான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் கதை சொல்லச் சொல்ல, மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்லிப் பகடை உருட்டுவார்கள். கதை சொல்பவர் டெக்லன், எங்கள் முதியோர் இல்லத்துச் சமையல்காரர். குழுவில் வைத்தியச்சி இல்லை, நீ நர்ஸ்தானே என்று என்னை இழுத்துவந்தார். வாரம் முழுக்க நிஜப் புண்ணுக்குக் கட்டுப்போட்டுவிட்டு, விடுமுறை நாளில் இல்லாத வீரர்களின் இல்லாத புண்ணுக்குக் கட்டுப்போடுகிறேன். ஏன் போகிறாய் என்று கேட்டால், அங்கே கதகதப்பாக இருக்கும், டீ கிடைக்கும், உட்கார நாற்காலி உண்டு. கால் வலிக்கிறவளுக்கு அது போதும்.

தாளில் நல்லவளா கெட்டவளா என்று எழுதும் அந்தக் கட்டத்துக்கு அலைன்மென்ட் என்று பெயர். எனக்குத் தெரிந்த அலைன்மென்ட் ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஊர்ப் பக்கம் போடிமெட்டு மலை வளைவுகளில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் நாளாக ஆக ஒரு பக்கமாக இழுக்கும், கீழே இறங்கியதும் சக்கரத்தைச் சரிபார்ப்பார்கள். இங்கே மனிதர்களுக்குப் பார்க்கிறார்கள். மொத்தம் ஒன்பது கட்டம். விதியை மதிக்கும் நல்லவர், மதிக்காத நல்லவர், விதியை மதிக்கும் கெட்டவர் என்று வரிசையாகப் போகிறது. நட்டநடுக் கட்டத்தில் ரெண்டுங்கெட்டான். நான் யோசிக்காமல் ‘நல்ல’ கட்டத்தில் என் வைத்தியச்சியைப் போட்டேன். வேறு யார்தான் வேறு எங்கே போட்டுக்கொள்வார்கள்?

சில வாரம் கழித்துக் கதையில் ஒரு மலைக்கணவாய் வந்தது. பனியில் சிக்கிக்கொண்ட எங்களை ஒரு வண்டிக்காரன் காப்பாற்றிச் சத்திரத்தில் சேர்த்தான். மறுநாள் காலை அவன் தன் மனைவியை அறைந்ததை, பகடை விழுந்த கணக்கில், என் வைத்தியச்சி மட்டும் பார்த்தாள். வீரப்பெண்ணாக விளையாடும் ஈஃபா என்னிடம் கேட்டாள்: “இவனை வழித்துணையாகக் கூட்டிப்போகலாமா? ஆள் எப்படி?”

“ஹீ இஸ் குட் ஒன்லி,” என்றேன்.

“ஒன்லி குட்டா? அவ்வளவு நல்லவனா!” என்று அவள் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

எல்லோரும் எழுந்த பிறகு டெக்லன் ரப்பரை எடுத்து என் தாளில் இருந்த ‘நல்ல’ என்பதை அழித்தார். “மன்னிக்கணும். உன் வைத்தியச்சி அவன் அடித்ததைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, நல்லவன் என்று சாட்சி சொன்னாள். அவளை இந்தக் கட்டத்தில் வைத்திருக்க முடியாது.” எங்கள் ஊரில் அந்த ‘ஒன்லி’க்கு வேறு பொருள், நல்லவன், ஆனால் என்று இழுப்பதற்காகப் போடுவது என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “அப்படியென்றால் அந்த ‘ஆனால்’ என்பதையே சொல்லியிருக்கலாமே?” என்றார். தூறலில் நடந்து வீடு வந்தேன். விளையாட்டுக்குப் போய் யாராவது அழுவார்களா? நான் அழுதேன்.

ஏனென்றால் அதே சாட்சியை நான் ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். போடியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு ஜீப்பு ஓட்டுகிற பாண்டி அண்ணனுடையது. ஒரு விடியற்காலையில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது, கூப்பிடாமலே ஓடிவந்து, அப்பாவைத் தோளில் தூக்கி ஜீப்பில் போட்டு, தேனி வரைக்கும் ஹாரனில் இருந்து கையை எடுக்காமல் ஓட்டியவர் அவர். அப்பா பிழைத்தார். அதே பாண்டி அண்ணனின் தங்கை, நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு நெற்றி கிழிந்து வந்து, குளியலறையில் வழுக்கிவிட்டது என்றாள். விழுந்த காயம் எது, அடித்த காயம் எது என்று எனக்குத் தெரியும். வீடுகளுக்கு நடுவே ஒற்றைச் சுவர்தான், அவர் அடிக்கும் சத்தமும் கேட்டிருக்கிறேன். கட்டுப்போட்டு அனுப்பினேன்.

பாண்டி அண்ணனுக்குப் பக்கத்துச் சிலமலையில் பெண் பார்த்தார்கள். நிச்சயத்துக்கு முன்பு அந்தப் பெண் ஈஸ்வரி, தன் அம்மாவுக்குச் சுகர் பார்க்கிற சாக்கில் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். இருபது வயது இருக்கும். ஊசி போடும் அறையில் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

“அக்கா, நீங்க பக்கத்து வீடாம்ல. நெசத்தச் சொல்லுங்க. அவுக எப்படி?”

பெரியவர்கள் டீக்கடையில் விசாரிப்பார்கள், அதற்கு ஊரே மனப்பாடமாக ஒரு பதில் வைத்திருக்கும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பது சும்மா வந்த பழமொழி இல்லை. ஆனால் கட்டிக்கொள்ளப்போகிறவளே வந்து கேட்டது அதுவரை நான் பார்க்காத தைரியம். அதற்கு நான் திருப்பிக் கொடுத்தது ஒரே ஒரு சொல்.

“நல்லவருதேன்.”

புத்தகத்தில் ‘தான்’ என்று எழுதுவதை எங்கள் பக்கம் ‘தேன்’ என்போம். அழுத்திச் சொன்னால், சத்தியமாக நல்லவர். இழுத்துச் சொன்னால், நல்லவர், ஆனாலும் யோசித்துக்கொள். நான் இழுத்துத்தான் சொன்னேன். புரிந்தால் அவள் பிழைத்துக்கொள்வாள், புரியாவிட்டால் நான் பொய் சொன்னதாகாது, அப்பாவைத் தூக்கிய தோளுக்கும் துரோகமில்லை. ஒரே சொல்லில் மூன்று பேரிடமும் தப்பித்துக்கொண்டேன். ஒரு வருடம் கழித்து ஈஸ்வரி கைவிரல் முறிந்து வந்தாள். குளியலறையில் விழுந்ததாகச் சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த மாதமே நான் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்தேன். குடும்பக் கஷ்டம் என்று எல்லோரிடமும் சொன்னேன், அதுவும் உண்மைதான்.

டெக்லன் என் கட்டத்தை அழித்த மறுவாரம் ஈஸ்வரியிடமிருந்து குரல் செய்தி வந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. அவள் இப்போது பாண்டியோடு இல்லை, சிலமலையில் அம்மா வீட்டில் இருந்துகொண்டு போடிக்கு ஏலக்காய் தரம் பிரிக்கப் போகிறாள். பின்னால் ஏதோ பஸ்சு ஹாரன் கேட்டது.

“அக்கா, தங்கச்சிக்கு ஒரு எடம் வந்திருக்கு. பையன் அயர்லாந்துல ஒங்க ஊர்லதேன் ஓட்டல்ல வேல பாக்குறானாம். நீங்க பாத்திருப்பீகளாம்ல. எப்படின்னு சொல்லுங்க. ஆனா அக்கா, அன்னைக்கு மாதிரி தேன் போட்டுச் சொல்லிறாதீக. அன்னைக்கும் எனக்கு நீங்க இழுத்தது கேட்டுச்சு. எனக்கு வேண்டியத மட்டும் நான் எடுத்துக்கிட்டேன். தங்கச்சியும் அப்படித்தேன் எடுத்துக்கிருவா.”

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பாதிக் குற்றத்தை அவளே சுமந்துகொண்டதைத்தான் தாங்க முடியவில்லை.

மூன்று முறை பேசி மூன்று முறை அழித்தேன். வாயைத் திறந்தால் முதலில் வருவது ‘நல்ல பையன்’ என்பதுதான், அவ்வளவு பழக்கம். கடைசியில் நல்ல, கெட்ட என்ற இரண்டு சொல்லையும் தள்ளிவைத்துவிட்டுப் பேசினேன். “நான் அந்தப் பையன நாலு தடவ பாத்திருக்கேன் ஈஸ்வரி. கூடத் தங்கியிருக்கவனுக்குக் காய்ச்சல்னு ராவெல்லாம் முழிச்சிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான், அதப் பாத்தேன். போன்ல அவுக அம்மாவ அசிங்கமா வஞ்சான், அதயும் கேட்டேன். வருசத்துல மூணு வேல மாறிட்டான், ஏன்னு தெரியல. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். தங்கச்சிய அவங்கிட்ட நேராப் பேசச் சொல்லு. அவசரப்படாதீக.”

“இது போதும்க்கா,” என்று பதில் வந்தது. அவர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்று இன்னும் தெரியாது. மனம் லேசாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதை அவள் தங்கைக்குச் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை டெக்லன் என் தாளைத் தந்து, வைத்தியச்சியை எங்கே வைக்கலாம் என்று நீயே சொல் என்றார். ஒன்பது கட்டத்தையும் பார்த்தேன். பிறகு, அவர் அழித்த இடத்தில், தமிழில் ‘தேன்’ என்று எழுதினேன். ஈஃபா ஆவலாகத் தன் போனை அதன்மேல் பிடித்தாள். அது மொழிபெயர்த்துக் கொடுத்தது.

“ஹனி! எவ்வளவு இனிப்பான ஆள்,” என்று சிரித்தாள்.

நான் பகடையை எடுத்துக்கொண்டேன். அந்தக் கட்டத்தைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவள் சிலமலையில் இருக்கிறாள்.