வெயில் பாறையில் ஒட்டிய ஓடைப் பாசி

1. எனக்கு எட்டு வயதான கோடை விடுமுறையில், போடிமெட்டுக்கு மேலே உள்ள ஏலத்தோட்டத்துக்கு அப்பா என்னை ஜீப்பில் கூட்டிப்போனார்.
2. எங்கள் பங்குக்கும் சித்தப்பா பங்குக்கும் நடுவே நின்ற எல்லைக்கல்லைக் கடப்பாரையால் நெம்பி, சித்தப்பா பக்கமாக நான்கு எட்டு தள்ளி நட்டார். பழைய குழியைச் சருகு போட்டு மூடினார்.
3. உருட்டியதில் கல்மேல் இருந்த பாசி உரிந்துபோனது.
4. புதுப் பாசி ஒட்டும் சோலி எனக்கு வந்தது.

ஏன் என்று கேட்டேன். "கல்லுக்கு வெயில் தாங்கல தாயி. வெரசாக் கொண்டா," என்றார். எனக்குக் கல்லின்மேல் பரிதாபமாக இருந்தது.

பக்கத்துப் பாறைகளிலும் பாசி இருந்தது. ஆனால் கறுப்பாக, கட்டைவிரல் அகலத் திட்டுகளாக, நுனியில் நரைமுடி மாதிரி வெளுத்து, தொட்டால் பொரபொரவென்றிருந்தது. செத்துவிட்டது என்று முடிவுசெய்து ஓடைக்கு இறங்கினேன். அங்கே நிழலில், தண்ணீர் தெறிக்கும் பாறையில், மெத்தென்ற பச்சைப் பாசி விரிப்பாக உரிந்துவந்தது. கஞ்சி தடவி ஒட்டினேன். அப்பா தூரத்திலிருந்தே பார்த்துத் தலையாட்டினார்.

மறுநாள் மதியம் அப்பாவும் நானும் அங்கே இருந்தபோது, அந்த வழியாக வந்த சித்தப்பா கல்லருகே நின்றுவிட்டார். என் பாசி சுருண்டு ஓரம் கிளம்பியிருந்தது. அவர் குந்தி உட்கார்ந்து, பாட்டில் தண்ணீரைப் பக்கத்துப் பாறையில் ஊற்றினார். செத்ததென்று நான் விட்ட கறுப்புப் பாசி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலை விரித்துப் பச்சையானது. மீதியை எல்லைக்கல்லில் ஊற்றினார். என்னுடையது கஞ்சியோடு வழுக்கி இறங்கியது.

"இது ஓடையில கெடக்குறதுல்ல? யாரு இங்க கொண்டாந்தது?"

வகுப்பில் தூக்குவதுபோல் கை தூக்கினேன். "நான்தான் சித்தப்பா. அப்பா ஒட்டச் சொன்னாரு."

பாராட்டுவார் என்று நின்றேன். அவர் அப்பாவைப் பார்த்தார். "கேட்டிருந்தா குடுத்திருப்பேனேண்ணே."

எதை என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா கடப்பாரையை எடுத்துவந்து கல்லை நெம்பினார். இருவரும் சேர்ந்து கல்லைத் தூக்கிப் பழைய குழியில் இறக்கினார்கள். சேர்ந்து வேலை செய்கிறவர்கள் ஏன் ஒருவரையொருவர் பார்க்காமல் செய்கிறார்கள் என்பதும் விளங்கவில்லை.

தவறு பாசியில்தான் என்று எனக்குப் பட்டது. கிளம்புமுன் கறுப்புப் பாசியைச் சுரண்டி டிபன் பாக்ஸ் நிறைய எடுத்துக்கொண்டேன். ஜீப்பு வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது திறந்து காட்டினேன். "அடுத்த தடவ இத ஒட்டுவோம்ப்பா."

அப்பா அதை வாங்கி மூடி, மடியில் வைத்துக்கொண்டார். போடி வரும்வரை மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

கல் பழைய இடத்தில் இருக்கிறது. அப்பாவும் சித்தப்பாவும் கல்யாண வீடுகளில் பேசிக்கொள்கிறார்கள். தோட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அன்று அப்பாவைக் காட்டிக்கொடுத்தது நான்தான் என்று இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.