பேட்டரியில் மிச்சமிருந்த பாட்டு

"...என் பாட்டு மட்டும் முதல்ல வரலன்னா, இந்த ரேடியோவத் தூக்கி ஏரியில போட்டுடுவேன், பாத்துக்க!"

இந்த வருஷத்தின் சிறந்த பாட்டு எதுவென்று என் மகள் போனில் தோழியோடு சண்டை போடும்போதெல்லாம், எனக்குச் சித்தியின் இந்தக் குரல்தான் கேட்கிறது.

அது பழவேற்காட்டில் ஒரு மார்கழிச் சாயங்காலம். வருஷக் கடைசியென்று ரேடியோவில் சிறந்த பத்துப் பாட்டைப் பத்தாமிடத்தில் தொடங்கி முதலிடம் வரை போட்டார்கள். எங்கள் பேட்டரியோ சாகக் கிடந்தது. ஊரிலிருந்த பழைய ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கல்லறைக் கல்லில் பகலெல்லாம் வெயில் காட்டி, கொஞ்சம் உயிர் ஏற்றியிருந்தோம்.

"உன்துல்லாம் இன்னா பாட்டு? வலையில பூனை மாட்டிக்கினு கத்துற மாதிரி!" என்றாள் எதிர்வீட்டு வள்ளி அக்கா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடியலில் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போன என் அப்பா, நைனா, இன்னும் திரும்பவில்லை. காத்து திரும்பினா வாய் அடங்கும் என்பார்கள் எங்கள் ஊரில். மூன்றாமிடப் பாட்டு ஓடும்போது வாடைக்காற்று கதவை அறைந்தது. இரண்டாமிடத்தில் வள்ளி அக்காவின் பாட்டு வந்தது. அவள் பாட்டைக் கேட்காமல் வாசலைப் பார்த்தாள். பாட்டும் பாதியில் கம்மத் தொடங்கியது. வானிலைச் செய்திக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

மிச்சமிருந்தது சித்தியின் பாட்டுதான். "முதலிடத்தில்..." என்று அறிவிப்பாளர் இழுத்தார்.

சித்தி பட்டென்று ரேடியோவை நிறுத்தினாள். பேட்டரி இரண்டையும் கழற்றி முந்தானையில் சுருட்டி, சூடு ஆறாதபடி வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, செய்தி நேரத்துக்காக உட்கார்ந்தாள்.