ராயபுரம் ஷீலாவின் தப்பான பதில்கள்

ஆறாம் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்தும் தேறாமல் படிப்பை விட்டவன் நான். ஆனாலும் என் அறிவுக்குச் சாட்சியாக எங்கள் வீட்டில் வெகுகாலம் ஒரு பிரஷர் குக்கர் இருந்தது. டிவி போட்டியில் நான் ஜெயித்தது. அன்றைக்குக் காலடிப்பேட்டையிலேயே பெரிய அறிவாளி நான்தான் என்று நினைத்தேன். வேறு யாரும் அப்படி நினைத்ததாகத் தகவல் இல்லை.

அந்தக் காலத்தில் எங்கள் ஏரியா கேபிள்காரர் சொந்தமாக ஒரு சேனல் நடத்தினார். சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை, பின்னால் ஒரு நீலத் துணி, ஒரு டெலிபோன். அவ்வளவுதான் சேனல். சாயங்காலமானால் மெரூன் கோட்டு போட்ட ஓர் இளைஞர் வந்து உட்காருவார். கழுத்துக்கு மேலே வியர்வை, கழுத்துக்குக் கீழே கோட்டு. ஆளுக்கு ஒரு கேள்வி கேட்பார். ஒரு நாள் ஒரே மாதிரி இருக்கிற இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளைச் சொல்லி எதற்கு எது அர்த்தம் என்பார். இன்னொரு நாள் இறாலுக்கு இதயம் எங்கே இருக்கிறது என்பார். சரியாகச் சொன்னால் டிபன் பாக்ஸ், வெள்ளிக்கிழமை மட்டும் குக்கர். பரிசை அவரே கேமராவோடு வீடு தேடி வந்து கொடுப்பார். ஜெயித்தவர்கள் ஒரு மாதத்துக்கு மறுபடியும் போன் பண்ணக் கூடாது. தோற்றவர்கள் மறுநாளே பண்ணலாம்.

என் அக்கா பிளஸ் டூ முடித்துவிட்டு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். மின்சார ரயிலில் கூவிக் கூவி விற்பார்களே, குழப்பும் ஆங்கிலச் சொற்கள், அரிய தகவல்கள் ஆயிரம், அந்த மாதிரிப் புத்தகம் இரண்டு வாங்கி வைத்திருந்தாள். நான் கேள்வி கேட்க வேண்டும், அவள் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வாள். நான் எழுத்துக்கூட்டிக் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் அவள் பதில் சொல்லி, தலைவாரி, பூவும் வைத்துவிடுவாள். போனில் பேசப் போகிறவளுக்குப் பூ எதற்கு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இறாலுக்கு இதயம் தலையில் இருக்கிறதாம். எனக்குத் தலையில் என்ன இருந்தது என்று தெரியவில்லை.

கொத்தமல்லி வாங்கி வருகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு இரண்டு பேரும் பாய் கடைக்குப் போவோம். அங்கே டிவியும் இருந்தது, ஒரு ரூபாய் போன் டப்பாவும் இருந்தது. அக்கா காசு போடுவாள். "நான் ராயபுரத்துலேர்ந்து ஷீலா பேசறேன்" என்பாள். காலடிப்பேட்டையில் நின்றுகொண்டு எதற்கு ராயபுரம் என்று கேட்டால் என் காலை மிதிப்பாள்.

"ஷீலா, வாங்க வாங்க! நேத்து தோத்துட்டீங்க. இன்னிக்கி டெசர்ட்னு ரெண்டு வார்த்த. ஒரே ஒரு எஸ் போட்டு எழுதினா இன்னா, ரெண்டு எஸ் போட்டா இன்னா?"

"ஒரு எஸ் போட்டா பாயசம் மாதிரி, சாப்பாட்டுக்கு அப்புறம் துன்றது. ரெண்டு எஸ் போட்டா பாலைவனம்."

"மாத்திச் சொல்லிட்டீங்களே! பாலைவனத்துல போயா பாயசம் கேப்பீங்க?"

"கெடச்சா வாணான்னா சொல்லுவேன்?"

இரண்டு பேரும் சிரிப்பார்கள். காசு தீர்ந்து போன் 'டொய்ங்' என்று அறுந்துபோகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னவள், இங்கே கண்ணைத் திறந்துகொண்டு தப்பாகச் சொல்கிறாளே! பயத்தில் மறந்துவிடுகிறாள் போல என்று பாவமாக இருந்தது.

வீட்டுக்குப் போனால் அம்மா டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

"இந்த ஷீலாக்கு அப்டியே நம்ம பொண்ணு கொரலுடா. ஆனா நம்மள்து இவ்ளோ மக்கு இல்ல."

அக்கா கொத்தமல்லியை ஆய்வதில் மும்முரமாகிவிடுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் என்று கேட்டார். முதல் நாள்தான் நானே கேட்டு, அவளே சொன்ன பதில்.

"ஒண்ணு" என்றாள் அக்கா.

"நல்லா யோசிச்சி சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணுதானா?"

"ஒண்ணுதாங்க" என்றாள்.

மறந்துவிட்டாள்! எதிரே டிவியில் குக்கர் பளபளத்தது. நான் எம்பி ரிசீவரைப் பிடுங்கினேன்.

"மூணு சார், மூணு! இது எங்க அக்கா சார். ஷீலா இல்ல, ராயபுரமும் இல்ல. காலடிப்பேட்ட, தண்ணி டேங்க் பக்கத்துல பச்ச கேட்டு வூடு. அக்காக்கு எல்லா பதிலும் தெரியும் சார், போன்லதான் தெனம் தப்பா சொல்லுது!"

டிவியில் அந்த அண்ணன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். தினமும் மூச்சு விடாமல் பேசுகிறவர், கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "பதில் சரி" என்றார். பாய் எழுந்து போய் டிவி சத்தத்தைக் குறைத்தார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள். ஜெயித்த சந்தோஷம் என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தேன். ஓர் அறை விட்டாள்.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள்.

"வாம்மா ஷீலா" என்றாள். "கொத்தமல்லி எங்க?"

ஞாயிற்றுக்கிழமை அந்த அண்ணன் குக்கரோடு வந்தார். தெருவே திரண்டுவிட்டது. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கிரேன் ஓட்டும் என் நைனா, டிவியில் வரப்போகிறோம் என்று கல்யாணச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றாள். அவர் என்னிடம் மைக்கை நீட்டினாரே தவிர, பார்வை கதவிலேயே இருந்தது.

"இனிமே ஒரு மாசத்துக்கு உங்க வூட்லேர்ந்து போன் பண்ண முடியாது" என்றார். அதை ஏன் அவ்வளவு சோகமாகச் சொல்கிறார் என்று எனக்கு ஆச்சரியம்.

"ஒரு மாசம்தானே?" என்றது கதவு.

நான் மைக்கை இழுத்தேன். "கவலப்படாதக்கா. அடுத்த மாசமும் நானே வந்து கரெக்டா சொல்லித் தர்றேன்!"

தெருவே சிரித்தது. நைனா எல்லோரையும் விட உரக்கச் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. குக்கர் மூடியைத் துடைக்கிற மாதிரி கையில் வைத்துக்கொண்டு அந்த அண்ணனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். "தம்பி, ஒரு வாய் காப்பி சாப்ட்டு போ" என்றாள். "வூடு எங்க? அம்மா அப்பா கீறாங்களா?" பரிசு கொடுக்க வந்தவரிடம் இதையெல்லாம் எதற்குக் கேட்கிறாள் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த மாதம் முழுவதும் நான் விடாமல் படித்தேன். ஸ்டேஷனரி என்று இரண்டு வார்த்தை உண்டு, ஒன்று பேப்பர் பேனா, இன்னொன்று நின்ற இடத்திலேயே நிற்பது. தேன் எத்தனை வருடமானாலும் கெடாது. இன்னொரு குக்கர் வந்தால் யாருக்குக் கொடுக்கலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

மாதம் முடிந்த அன்று சாயங்காலம் டிவியில் மெரூன் கோட்டு வந்து உட்கார்ந்தது. நான் சட்டையை மாற்றிக்கொண்டு தயாராக நின்றேன். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"போயி பேசிட்டு வா. நைனா வர்றதுக்குள்ள வந்துடு. இந்த மேதாவிய மட்டும் இட்டுகினு போவாத."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குக்கர் ஜெயித்துக் கொடுத்தவனை விட்டுவிட்டு, தப்பாகவே சொல்கிறவளைத் தனியாக அனுப்புகிறாளே, இந்த அம்மாவுக்கு அறிவே கிடையாதா?