வெறும் பையோடு நடக்க ஏலாது

நோர்வேயில் நான் இருக்கிற இந்தக் கரையோரச் சிறுநகரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மனிதர்கள் எந்த அலுவலும் இல்லாமல் நடக்கிறார்கள். மழை பெய்தாலும் நடக்கிறார்கள். காற்று குடையைப் புரட்டிப்போட்டால் அதை மடக்கி முதுகுப்பைக்குள் வைத்துவிட்டு நடக்கிறார்கள். கடைகள் எல்லாம் பூட்டு. கோயிலுக்கும் போவதில்லை, செத்தவீட்டுக்கும் போவதில்லை. மலைப்பாதையில் ஏறி, உச்சியில் ஈரமான ஒரு கல்லில் குந்தியிருந்து, ஒரு தோடம்பழத்தை உரித்துத் தின்றுவிட்டு வந்த வழியே திரும்புகிறார்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கிற சொல் ‘தூர்’. அந்தச் சொல்லை நான் முதலில் பிழையாகத்தான் விளங்கிக்கொண்டேன்.

மேற்படிப்பு முடித்து, இங்குள்ள மீன் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு வெள்ளி பின்னேரம் முதுகுப்பையோடு வெளிக்கிட்ட என்னை, கூட வேலை செய்கிற மாரித் என்ற பெண் சிரித்தபடி மறித்தாள். அம்மாவின் வயது இருக்கும். அவள் கேட்ட வசனத்தில் எனக்குப் பிடிபட்டது கடைசிச் சொல் மட்டும். தூர்? எனக்கு மயிர் கூச்செறிந்துவிட்டது. எங்கள் தீவுப்பக்கத்திலும் அப்படித்தான். வெளிக்கிட்டவனிடம் எங்கே போகிறாய் என்று நேரே கேட்டால் போகிற காரியம் சரிவராது என்பார்கள். அதனால் ‘தூரமோ?’ என்றுதான் கேட்பார்கள். நான் அதே மரியாதையோடு, “இல்லை, பக்கத்தில்தான், கடைக்கு” என்றேன். மாரித் தலையாட்டினாள். கடைக்குப் போவது தூர் இல்லையாம். ஒரு வேலையும் இல்லாமல் போவதுதான் தூராம். “அப்ப ஏன் போகவேணும்?” என்று எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் கேட்டேன். “திரும்பி வருவதற்கு” என்றாள். பகிடி விடுகிறாள் என்று நினைத்து நானும் சிரித்து வைத்தேன்.

எங்கள் ஊரான புளியங்கூடலில் இந்தப் பதிலைச் சொல்லிவிட்டு ஒருவன் நிம்மதியாக நாலடி நடக்க முடியாது. ‘தூரமோ?’ என்பது கேள்வி மாதிரி இல்லாத கேள்வி. அதற்கு மறுமொழி இருந்தே ஆகவேண்டும். சந்தைக்கு, தபாற்கந்தோருக்கு, கோயிலடிக்கு, பக்கத்து ஊரான சுருவிலில் ஒரு ஆளைப் பார்க்க. ஏதோ ஒரு காரியம் கையில் இருக்கவேண்டும். காரியம் இல்லாமல் ஒழுங்கையில் இறங்கினவன் வீட்டில் சண்டை பிடித்தவனாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் தலைக்குச் சுகமில்லாதவனாக இருக்கவேண்டும்.

அப்பா காலம் முழுக்கக் காரியத்துக்காகவே நடந்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுத் தென்பகுதி நகரம் ஒன்றில் ஊராள் ஒருவரின் மளிகைக் கடையில் மா மூட்டை தூக்கினார். பிறகு நிறுவைக்கு நின்றார். பிறகு கல்லாவில் இருந்தார். கல்லாவில் இருந்த காலத்தில்தான் அவருக்கு வயிறு முன்தள்ளி வண்டி வைத்தது. அடுத்தமுறை ஊருக்கு வந்தபோது சனம் அவருடைய வயிற்றைப் பார்த்துத்தான் “இப்ப நல்லா இருக்கிறான்” என்றது. அந்த வயிற்றை அவர் பதக்கம் மாதிரி சுமந்தார். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்தது, குளிசை மாத்திரை வந்தது, பிறகு கால் போனது. முழங்காலுக்குக் கீழே எடுத்தபோது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். எங்கள் குடும்பத்தில் வைத்தியர் எழுதியதை வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். வாசிக்க மட்டும்தான் தெரிந்தது. அடுத்த வருடம் அப்பா இல்லை.

இவ்வளவையும் பார்த்தவன் இங்கே வந்து கவனமாக இருந்திருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புகிற மாரிகாலத்தில், என்னோடு நோர்வேஜிய மொழியில் பேசாத ஒரே பொருள் சோறாக இருந்தது. பானை நிறைய ஆக்கிப் பானை காலியாகும்வரை தின்றேன். கன்னம் உருண்டது. தொலைபேசித் திரையில் அம்மாவின் முகம் மலர்ந்தது. “இப்பதான் மனுசச் சாயல் வந்திருக்கு” என்றார். அந்த வருடக் கடைசியில் வைத்தியர் இரத்தப் பரிசோதனைத் தாளைத் திருப்பிக் காட்டி, நான் எல்லையில் நிற்கிறேன் என்றார். எல்லையில் நிற்பது இங்கே எனக்குப் பழகின வேலைதான். ஆனால் இந்த எல்லைக்கு அந்தப் பக்கம் அப்பா ஒற்றைக் காலோடு நின்றார். மருந்து இப்போது வேண்டாம், நட, சாப்பாட்டை மாற்று, என்று சொல்லிவிட்டு வைத்தியர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பழக்கம் மாறியது மனவைராக்கியத்தால் அல்ல, வெட்கத்தால். மாரித் தன் நடைக்கு என்னைக் கூப்பிட்டாள். முதல்நாள் பாதி மலையில் மூச்சு வாங்கி நின்றேன். அவள் பாட்டுக்கு மேலே போய்த் திரும்பி வரும் வழியில் என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். அடுத்த ஞாயிறும் வாசலில் நின்றாள். பிறகு நானே தனியாகப் போகத் தொடங்கினேன். மதியத்துக்கு இவர்கள் கொண்டுவருகிற ‘மாத்பக்க’ என்ற காய்ந்த கறுத்த பாண் துண்டுப் பொதியை நானும் கட்டப் பழகினேன். சோறு சின்னக் கிண்ணத்துக்கு இறங்கியது, மரக்கறி ஏறியது. உடம்பு இறங்கியது. சந்தோசப்பட்டேனா? மலையில் எதிரே வருகிறவர்கள் எல்லாரும் எனக்கு வணக்கம் சொன்னார்கள். அதே ஆட்கள் மறுநாள் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையை விட்டுவிட்டு நின்றபடி பயணம் செய்தார்கள். காட்டுப்பாதையில் ஒரு கிழவர் என்னை நிறுத்தி, வழி தவறிவிட்டாயா என்று அன்பாகக் கேட்டார். எல்லாரும் காரணமில்லாமல் நடக்கிற நாட்டில் நான் மட்டும் காரணம் சொல்லவேண்டியிருந்தது.

அம்மாவுக்கும் சீனி இருந்தது. ஆனால் அது அவருக்கு வருத்தமாகவே தெரியவில்லை. “குளிசை போட்டிட்டன் தானே” என்பார். குளிசையைப் போட்டுவிட்டால் சோற்றுக்கும் சீனிக்கும் கணக்குத் தீர்ந்தது என்பது அவருடைய விளக்கம். அவருடைய கவலை எல்லாம் நான்தான்.

“சாப்பிட்டியே?”

“ஓமம்மா. பாண், மீன், மரக்கறி.”

“அது கொறிக்கிற கடியடா. சாப்பிட்டியோ எண்டல்லோ கேக்கிறன்.”

போன வருடம் லீவில் ஊருக்குப் போனேன். விடிய எழும்பிச் சுருவில் றோட்டால் நடந்தேன். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் நின்றது. சந்தியில் கடை வைத்திருக்கிற சிவம் அண்ணை.

“தூரமோ தம்பி? ஏறும்.”

“வேண்டாமண்ணை. சும்மா நடக்கிறன்.”

“சும்மாவோ?” இஞ்சினை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “வீட்டிலை ஏதும் கொழுவலோ?”

“இல்லையண்ணை, உடம்புக்கு நல்லது.”

“எந்த உடம்புக்கு? அதைத்தானே காணேல்லை.”

ஏறாமல் விடமாட்டார் என்று விளங்கியது. ஏறினேன். வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். மத்தியானத்துக்குள் ஊர் என் கதையைக் கட்டி முடித்துவிட்டது: வெளிநாட்டில் வேலை போய்விட்டது, அல்லது ஏதோ சொல்லக்கூடாத வருத்தம். அம்மா சோற்றைக் குவித்து வைத்துவிட்டு முன்னால் இருந்து அழுதார்.

அந்த அழுகையை நான் பேரம்பேசப் பாவித்தேன். நீங்கள் பின்னேரத்தில் நடந்தால் நான் ஒருபிடி கூடச் சாப்பிடுகிறேன் என்றேன். அம்மா யோசித்தார். கால் ஏலாது என்று சொல்லவில்லை. “ஆரும் கேட்டா எங்கை எண்டு சொல்லுறது?” என்றார். பிறகு அவரே வழி கண்டுபிடித்தார். குசினியில் தொங்கிய சாமான் பையை எடுத்துக் கையில் மாட்டிப் பார்த்தார். பை இருந்தால் கடைக்குப் போகிறதாக நினைப்பார்கள். யாருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. எனக்கு அது பெரிய கெட்டித்தனமாகப் பட்டது. நான் ஊரில் நிற்கும்வரை பையோடு சந்திவரை போய் வந்தார். நான் நோர்வேக்குத் திரும்பிய பிறகு தடித்த அடியோடு நல்ல சப்பாத்து ஒன்று வாங்கி அனுப்பினேன். “சீலைக்குச் சப்பாத்துப் போட்டா, கிரிக்கெட் விளையாடப் போறீங்களோ எண்டு கேப்பினம்” என்று அதை அலுமாரியில் வைத்துவிட்டார். பரவாயில்லை, நடக்கிறார் தானே என்று விட்டுவிட்டேன்.

கிளினிக்கில் அம்மாவின் சீனி இறங்கவில்லை. அடுத்த முறையும் ஏறித்தான் இருந்தது. ஒருநாள் சிவம் அண்ணையின் தொலைபேசிக்கு எடுத்து, அம்மா நடக்கிறவவோ என்று விசாரித்தேன்.

“பின்னை! ஒரு பின்னேரம் தப்பாமல் எங்கடை கடைக்கு வாறவ. உம்மடை அம்மாவை வெறுமனை அனுப்புவனே? ஒரு தேத்தண்ணி, ஒரு பணிஸ். சீனி நான் கையாலை போடுறது, குறையவே குறையாது. திரும்ப நடக்கவும் விடுறேல்லை. வயசு போன மனுசி, நானே மோட்டச்சைக்கிளிலை கொண்டுபோய் இறக்கிவிடுறன். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்.”

அவர் குரலில் இருந்தது சுத்தமான அன்பு. அதனால் ஏசவும் முடியவில்லை. அம்மாவைத்தான் ஏசினேன்.

“அப்ப வெறும் பையோடை திரும்பி வரச் சொல்லுறியே?” அவருக்கும் கோபம் வந்தது. “மகன் வெளிநாட்டிலை இருக்க, வாங்க வக்கில்லாமல் திரும்பிப் போறா எண்டு சனம் கதைக்கிறதுக்கோ? வெறும் பையோடை நடக்க ஏலாதடா எங்கடை ஊரிலை.”

வீட்டு வளவைச் சுற்றி நடவுங்கள் என்றேன். செக்கு மாடோ நான் என்று கேட்டார்.

அந்த நடைகளில் ஒன்றில்தான் ஒழுங்கையில் கிடந்த பனை மட்டையின் கருக்கு, றப்பர் செருப்பைத் தாண்டி, பெருவிரலைக் கிழித்திருக்கிறது. அம்மாவுக்கு நோவு தெரியவில்லை. சீனி வருத்தம் அவருடைய கால் உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டிருந்தது. தெரிந்த பிறகும் எனக்குச் சொல்லவில்லை. விரல் கறுத்து, மணம் வந்து, சிவம் அண்ணை கண்டு பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் எனக்குத் தொலைபேசி வந்தது. நான் வந்து சேர்வதற்குள் விரலை எடுத்துவிட்டார்கள். சீனி இறங்காவிட்டால் அடுத்தது பாதம் என்று வைத்தியர் சொன்னார். இந்தத் தடவை நான் வாசிக்கத் தேவையிருக்கவில்லை. தமிழில்தான் சொன்னார்.

வார்ட்டில் அம்மா தலையணையில் சாய்ந்து, முகம் நிறைந்து, கட்டுப்போட்ட காலைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு ராசாத்தி மாதிரி இருந்தார். பக்கத்துக் கதிரையில் நான். ஊரில் இருந்து பார்க்க வந்தவர்கள் கட்டிலைத் தாண்டி என்னைத்தான் பார்த்தார்கள். “அக்கா, நீங்கள் உங்கடை காலைப் பற்றிக் கவலைப்படாதையுங்கோ. பெடியனுக்கு என்னவாம்?” என்று ஒரு மனிசி என் முன்னாலேயே கேட்டார். கொண்டுவந்த பிஸ்கற் பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு, “கட்டாயம் தின்ன வேணும் தம்பி” என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னுடைய சீனி இப்போது எல்லையில் இருந்து வெகுதூரம் பின்னால் போய்விட்டது; மலையில் மாரித்துக்கு முன்னால் ஏறுகிறேன். அதை அந்த வார்ட்டில் யாருக்குச் சொல்ல?

மத்தியானத்துக்குச் சிவம் அண்ணையின் மனைவி கட்டிக் கொடுத்த சோற்றுப் பொதி வந்தது. அளவாய்க் கட்டச் சொல்லித்தான் கேட்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் குறைத்துக் கட்டி அனுப்புவதா என்று குவித்துக் கட்டியிருந்தார். இருந்தது ஒரே கோப்பை, அகலமான சாப்பாட்டுத் தட்டு. அம்மா அதில் சோற்றைக் கொட்டி, விரலால் நடுவில் ஒரு கோடு இழுத்தார். “இது உன்ரை, இது என்ரை” என்றார். நான் மறுக்க வாயெடுத்தேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. என் வாய்க்குள் போவது ஒன்றும் அவருடைய வாய்க்குள் போகாது.

சாப்பிட்டேன். வருடக்கணக்காக அப்படிச் சாப்பிட்டதில்லை. என் பக்கம் முடியும் முன்னரே அம்மா கோட்டை அழித்துத் தன் பக்கத்துச் சோற்றை எனக்குத் தள்ளினார். நான் என் பக்கத்துக் கீரையையும் மீனையும் அவருக்குத் தள்ளினேன். நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். லீவு முடிகிற வாரத்தில் காற்சட்டைப் பொத்தான் பூட்ட ஏலாமல் வந்தது. அம்மாவின் சீனி கொஞ்சம் இறங்கியிருந்தது. தாதி அதை மருந்தின் கணக்கில் எழுதினார். அம்மா குளிசையின் கணக்கில்.

கடைசி மத்தியானம் அம்மா என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, “இப்பதான் என்ரை பிள்ளை” என்றார். இன்னும் கொஞ்ச நேரத்தில் விமானநிலையத்துக்கு வான் வரும். அவர் வழக்கம்போலக் கோடு இழுத்தார். இந்தமுறை அதைக் கோப்பையின் விளிம்போரமாக இழுத்துவிட்டு, தனக்கென்று ஒரு பிடி மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சம் முழுவதையும் என் பக்கம் ஆக்கினார். மூச்சு முட்ட முட்டக் கடைசிப் பருக்கை வரை தின்றேன். நாளைக்கும் இதே அளவு பொதி வரும். கோப்பையின் இரண்டு பக்கமும் அம்மாவுடையதாக இருக்கும்.