இலையில் வைத்த பயறு

கடல் ஊருக்குள் வந்து போன பிறகு எங்கள் பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்குத் தினமும் நிவாரண பிஸ்கட்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆனாலும் எங்கள் ஊரான குருக்கள்மடத்தில் என் அரிசி மில்லைப் போல ஒரு மில் எவனிடமும் இருக்கவில்லை. கரடியனாற்றுப் பயறு ஒரு மூடை இறக்கி, அவித்து, தேங்காய்ப்பூ போட்டு நானே கொண்டுபோனேன்.

"பிஸ்கட் திண்டு ஆர் வளர்ந்தது, ரீச்சர்? என்னப் பாருங்க."

"உங்களப் பாத்தா புள்ளயள் பயப்புடும் ஐயா," என்று அவ சிரிக்காமல் சொன்னா.

உண்மையில் நான் போனது அங்கே படிக்கும் என் பேத்திக்காக. என் மகளைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து அவள் ஒழுங்காய் எதுவும் தின்னவில்லை. தட்டுகளும் கடலோடு போய்விட்டதால் வாழையிலை நறுக்கிப் பயறை வைத்தோம். பிள்ளைகள் தொடவில்லை. எழும்பி வெளியே போய் நின்றார்கள். பேத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்க அம்மப்பா. கதவச் சாத்தணும்."

செத்தவர்களுக்கு இலையில் படையல் வைத்து, கதவைச் சாத்தி, அவர்கள் தின்று முடியும்வரை வெளியே நிற்பது எங்கள் வழக்கம். அந்த மாதம் முழுக்கப் பிள்ளைகள் கண்டது அதைத்தான்.

கதவைச் சாத்திவிட்டு ரீச்சரும் நானும் பிள்ளைகளோடு வெயிலில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் பேத்தி கதவைத் தட்டினாள். திறந்தேன். இலைக்கு முன்னால் போய்க் குந்தினாள்.

"அம்மா திண்டிட்டா," என்று சொல்லி, ஆறிப்போன பயறை அள்ளி வாயில் போட்டாள்.

மறுநாளும் இலையில்தான் வைத்தேன். கதவை நானே சாத்தினேன்.